ஒரு கரண்டி உறைமோர்

கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் இந்த அறையில் எனக்கு முதலில் பிடித்துப்போனது. மற்றவர்கள் வந்தவுடன் மைக்கைப் பார்ப்பார்கள், ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பார்கள், நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன். பித்தளைத் தாழ்ப்பாள், கொஞ்சம் இறுகல், கட்டை விரலால் அழுத்தித் தள்ள வேண்டும், தள்ளிவிட்டால் உலகத்தில் யாரும் என்னைக் கேட்காமல் உள்ளே வர முடியாது. சாலிகிராமத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இந்த டப்பிங் ஸ்டுடியோ. சத்தம் நுழையாதபடி சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த அறைக்குள் பஃப்ஸ் வேகிற வாசனை மட்டும் எப்படியோ நுழைந்துவிடுகிறது, சாயங்காலமானால் வசனம் பேசுகிற வாயில் எச்சில் ஊறுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் முபாரக் பாய். அவருக்குப் பக்கத்தில் ஜெபசீலன், டைரக்டர், முதல் படம், ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம், மடியில் வசனப் பேப்பர். திரை தெளிவாகத் தெரிய வேண்டுமென்று பேசுகிறவர் இருக்கும் அறையை இருட்டாக்கிவிடுவதுதான் வழக்கம். நான் வேலைக்கு வந்த முதல் நாள் விளக்கை அணைத்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து முபாரக் பாய் என் தலைக்கு மேல் ஒரு சின்ன பல்பை மட்டும் எரிய விடுகிறார். ஏன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மனதுக்குள் தினம் ஒரு தடவை நன்றி சொல்லிக்கொள்கிறேன், பாய், உங்கள் பல்புக்கு நன்றி, நீங்கள் கேட்காமல் இருந்ததற்கு அதைவிட நன்றி.

"யமுனா மேடம், அதே லூப், மறுபடி போலாமா?" ஜெபசீலனின் குரல் ஹெட்போனுக்குள் வருகிறது. போகலாம் என்று கையைத் தூக்குகிறேன். லூப் என்றால் படத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு, வாயசைவுக்குக் குரல் பொருந்துகிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடும், பொருந்தாவிட்டால் விடிகிற வரைக்கும்கூட ஓடும். இந்தத் துண்டில் கதாநாயகி சுவரோரம் நிற்கிறாள். புருஷன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். அவள் மூச்சு வாங்குகிறாள், அந்த மூச்சும் நான்தான் விட வேண்டும், எங்கள் வேலையில் பாதி மூச்சு. அழைப்புமணி அடிக்கிறது. மணிச் சத்தம் இன்னும் சேர்க்கவில்லை, ஷூட்டிங்கில் யாரோ உதவி இயக்குநர் தன் வாயாலேயே "டிங் டாங்" என்று சொல்லியிருக்கிறார், அவருக்கு ஜலதோஷம். புருஷன் தாழ்ந்த குரலில், "யாருன்னு பாத்து அனுப்பிட்டு வா" என்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, "என்னம்மா சத்தம்?" என்கிறாள். இவள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லக்கா, பாத்திரம் விழுந்துடுச்சு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். படம் முழுக்க ஒரே வீடு, மூன்றே பேர், வீடும் தயாரிப்பாளரின் மச்சான் வீடு, கடைசியில் அவள் புருஷனை அடித்துப் போட்டுவிட்டு ஓடுவதற்கு இரும்புக் கம்பி எழுதியிருந்தார்களாம், ஒத்திகையில் அது கனமாக இருந்ததால் பூரிக்கட்டையாக மாற்றிவிட்டார்கள். மரண பயம் காட்டும் படம் என்று போஸ்டரில் போடப்போகிறார்கள். பூரிக்கட்டையைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. இந்த ஒரு வரியில்தான் சிரிப்பு வரவில்லை, வரியும் வரவில்லை. ஒண்ணுமில்லக்கா வரைக்கும் வருகிறது. பாத்திரம் என்று வாயைத் திறந்தால் நின்றுவிடுகிறது.

அந்தப் புருஷன் குரல்தான் காரணமா. அதைப் பேசியவர் சோமு அண்ணன், போன வாரமே பேசி முடித்துவிட்டுப் போனார், கடலைமிட்டாய் இல்லாமல் ஸ்டுடியோவுக்கு வரமாட்டார், எனக்கும் ஒன்று எடுத்து வைத்துவிட்டுத்தான் போவார், ஈயைக்கூட விரட்டாத மனுஷன். ஆனால் கத்தாமல் பேசியிருக்கிறார். கத்தியிருக்கலாம் அண்ணா. கத்துகிற ஆளிடம் எனக்குப் பயமில்லை. அவன் கத்தமாட்டான். அவன் என்றால் என்னைக் கட்டியவன், பிரபு, கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் நல்ல வேலை, வெளியே எல்லோருக்கும் தங்கமான பையன். யமுனா, இங்க வா, என்று சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில்தான் அடிக்கவும் கூப்பிடுவான். வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான், அடுப்பை அணைத்துவிட்டுப் போகிற மாதிரி சாதாரணமாக. போன் அவனிடம். அம்மாவிடம் பேசுவதென்றால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடுவான். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் விரலை மடக்கி நெரித்தான், ஏன் என்று இன்றைக்கும் தெரியாது, கையிலிருந்த தட்டு விழுந்தது. என்னடி சத்தம் என்று அம்மா கேட்டாள். ஒண்ணுமில்லம்மா, பாத்திரம் விழுந்துடுச்சு. சொன்னேனே. இதே வரி. ஜெபசீலன் எங்கிருந்து எடுத்தார் இதை. எங்கிருந்தும் எடுக்க வேண்டியதில்லை, இந்த வரி எல்லா வீட்டிலும் தயாராகத்தான் இருக்கிறது, கேட்டால் சொல்வதற்கு. நான் எவ்வளவு நன்றாகச் சொன்னேன் அன்றைக்கு, ஒரே டேக், மூச்சுப் பிசகவில்லை, அம்மா நம்பினாள், பாத்துச் செய்டி என்றாள். இப்போது காசு கொடுத்துச் சொல்லச் சொல்கிறார்கள், முடியவில்லை.

டிங் டாங். ஜலதோஷக்காரரே, நீங்கள் யாரோ எவரோ, உங்கள் டிங் டாங்கில் கொஞ்சம் நீளம் அதிகம். எங்கள் வீட்டு மணி குருவி மாதிரிக் கத்தும், பேட்டரி தீர்ந்துபோய் இழுத்து இழுத்து. அதை அழுத்தியவள் பாவாயி அக்கா. எதிர்வீடு. கோயம்புத்தூரில் கணபதி ஏரியாவில் அந்தக் கட்டடத்தின் மாடியில் இரண்டே வீடு, அவர்களது, எங்களது, கீழே அவள் புருஷன் சின்னச்சாமி அண்ணனின் லேத் பட்டறை. அவளைப் பற்றி நான் முதலில் நினைத்தது நல்லதாக இல்லை. குடிபோன புதிதில் ஒரு சாயங்காலம், ரவிக்கைக்குக் கொக்கி தைக்க ஊசி கேட்டுப் போனேன். அப்போதெல்லாம் கதவைப் பூட்ட ஆரம்பிக்கவில்லை. "விளக்கு வெச்சப்பறம் ஊசி கேக்கறியே அம்மணி, உங்கூட்டுல இதெல்லாம் சொல்லித் தரலீங்களா?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள். ஊசி, உப்பு, தயிர், மோர் எதுவும் விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டக்கூடாது, லட்சுமி கூடவே போய்விடுவாள், விடியட்டும், வந்து வாங்கிக்கொள் என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பெரிய சாஸ்திரக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். அந்தச் சாஸ்திரக்காரிதான் சில மாதம் கழித்து, நன்றாக இருட்டிய பிறகு, மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, எங்கள் மணியை அடித்து, "அம்மணி, ஒரு கரண்டி ஒறமோர் குடு சாமி, எங்கூட்டு மோரு புளிச்சுப் போச்சு" என்று கிண்ணத்தை நீட்டினாள்.

அன்றைக்கு அவன் என் முடியைப் பிடித்திருந்தான். மணி அடித்ததும் விட்டான். யாருன்னு பாத்து அனுப்பிட்டு வா. நான் முடியை முடிந்துகொண்டு போய்ப் பிரிட்ஜைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கிண்ணத்தையே பார்த்தாள், போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். விட்ட இடத்திலிருந்து தொடங்க அவனுக்கு வரவில்லை. கோபம் ஒரு தாளத்தில் ஏறுகிற ஆள் அவன், நடுவில் ஒருத்தி வந்து மோர் கேட்டுவிட்டால் தாளம் தப்பிவிடும். பிறகு அடுத்த வாரம் வந்தாள். அதற்கடுத்த நாளே வந்தாள். புளித்துவிட்டது, பூனை கவிழ்த்துவிட்டது, பால் திரிந்துவிட்டது, ஒறம்பரை, விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் விளக்கு வைத்த பிறகு. "இந்தப் பொம்பளைக்கு வெக்கமே கிடையாதா, ஊர்ல கடையே இல்லையா?" என்று அவன் எரிச்சல்படுவான், எனக்கும் எரிச்சல்தான், ஊசி கொடுக்காதவளுக்கு மோர் மட்டும் எப்படிக் கேட்க வருகிறது என்று. அவள் வந்து போன அத்தனை சாயங்காலமும் நான் அதோடு தப்பித்தேன் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. பயந்து கிடக்கிற மூளை அப்படித்தான், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற இரண்டு பொருளைக்கூட ஒன்றாகப் பார்க்காது. அக்கா, நீ ஒரு நாள்கூட என்ன சத்தம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், பாத்திரம் விழுந்துடுச்சு. அதற்குப் பிறகு நீ என்ன செய்ய முடியும். மோர் கேட்டாய். மோருக்கு என்னிடம் பொய் இல்லை.

டிங் டாங். யாருன்னு பாத்து அனுப்பிட்டு வா. திரையில் கதவு திறக்கிறது, அந்த நடிகைப் பெண்ணின் உதடு அசைகிறது, நான் பேசுகிறேன், இந்தத் தடவை தடுக்காமல் வருகிறது, சுத்தமாக, சிரித்துக்கொண்டே. லூப் நிற்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபசீலன் பேப்பரைப் புரட்டுகிறார், முபாரக் பாயைப் பார்க்கிறார். "மேடம், என்ன சொன்னீங்க?" சரியாத்தானே சொன்னேன் என்கிறேன். முபாரக் பாய் திருப்பிப் போட்டுக் காட்டுகிறார். என் குரல், இருட்டில், பெரிதாக: "இதோ தரேங்க்கா, ஒறமோர்தானே, உள்ள வாங்க." ஜெபசீலன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "லிப்பு அப்படியே உக்காருது மேடம், அதான் கொடுமை. ஆனா நம்ம படத்துல தயிரே கிடையாதே." பாயும் சிரிக்கிறார், எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் நிற்கிறது, இருட்டு அறைக்கு நன்றி, ஒற்றை பல்பில் அது தெரியாது. "அம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்க," என்கிறார் பாய். "மெதுவா பண்ணலாம். ஒண்ணும் அவசரமில்ல."

தண்ணீர் குடிக்கிறேன். உள்ள வாங்க என்று நான் அவளிடம் சொன்னதேயில்லை. சொல்ல முடியாது. கடைசி நாள் அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். அன்றைக்கு மணி அடித்தபோது அவன் என்னைத் தொட்டிருக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு, உட்கார் என்று சொல்லியிருந்தான். குருவி இழுத்து இழுத்துக் கத்தியது. அனுப்பிட்டு வா. கதவைத் திறந்தால் அவள் கையில் கிண்ணம் இல்லை, முழங்கை வரைக்கும் மாவு. "ஒறமோர் வேணும் சாமி, என்ற கை மாவுக்கை, நீயே ஒரு டம்ளர்ல கொண்டாந்து எங்கூட்டுப் பால்ல ஊத்திட்டுப் போயிரு." உள்ளே இருந்து அவன், "சீக்கிரம் வா" என்றான். எடுத்துக்கொண்டு போனேன். நடையில் எட்டி வைத்தால் அவள் வீடு. செருப்புப் போடவில்லை, எதிர்வீட்டுக்குப் போக யார் செருப்புப் போடுவார்கள். சமையலறைக்குள் நுழைந்து பால் எங்கேக்கா என்றேன். பால் எதுவும் காய்ச்சி வைத்திருக்கவில்லை. மேடைமேல் பெரிய மண்சட்டி நிறையத் தயிர், கத்தி போட்டு வெட்டலாம் போலக் கெட்டித் தயிர், பக்கத்தில் இன்னொரு சட்டி. அந்த வீட்டில் தயிர் ஒரு நாளும் தீர்ந்ததில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சட்டியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "பின்னால படி இருக்குது. கீழ உங்கண்ணன் வண்டிய எடுத்து வெச்சுட்டு நிக்கறாரு. போயிரு சாமி." தன் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "எனக்குப் போன் பண்ணாத. மொதல்ல என்ற போனைத்தான் பாப்பான். எல்லாம் அடங்கட்டும்." டம்ளரை மேடைமேல் வைத்தேன். மோர் கொஞ்சம் சிந்தியது. துடைக்கப் போனேன், பாருங்கள், அந்த நேரத்தில் துடைக்கப் போனேன். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பிப் படிப் பக்கம் தள்ளினாள். தோளில் மாவு கை அச்சாக ஒட்டியிருந்தது, சென்னை வந்து சேர்கிற வரைக்கும் உதிரவேயில்லை. பூரிக்கட்டை இல்லை, ஓட்டம் இல்லை, மழை இல்லை, பின்னணி இசை இல்லை. பெரிய செருப்பு கழன்று விழாமல் படியிறங்குவதுதான் எனக்கு அன்றைக்கு இருந்த ஒரே சாகசம்.

ஆனால் அதற்குப் பிறகு. அங்கேதான் என் லூப் நிற்கிறது, எத்தனை நாளாக ஓடினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. நான் படியிறங்குகிறேன், அவன் உள்ளே கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறான், கொஞ்ச நேரத்தில் எழுந்து வருவான், வந்து எதிர்வீட்டு மணியை அடிப்பான். அவள் திறப்பாள், மாவுக்கையோடு. வீட்டில் அவள் மட்டும், சின்னச்சாமி அண்ணன் என்னை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்கு வந்துவிட்டார். அவன் அவளை என்ன செய்தான். எனக்குத் தெரியாது. சென்னையில் டப்பிங் பேசுகிற பள்ளித்தோழி வீட்டில் கூடத்தில் படுத்துக் கிடந்தபோதும், கூட்டக் காட்சியில் கும்பல் சத்தம் போட ஆள் வேண்டுமென்று அந்தத் தோழி என்னை முதல் தடவை ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு வந்தபோதும், கோர்ட்டில் அவன் வராமலே விவாகரத்து முடிந்தபோதும், தனியாக வீடெடுத்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டு முதல் ராத்திரி தூங்கியபோதும் தெரியாது. தெருவோரம் நட்டிருந்த பட்டறை போர்டில் இருந்த நம்பர் மனப்பாடம், சமையலறை ஜன்னலில் நின்றால் அது ஒன்றுதானே படிக்க இருந்தது. எல்லாம் அடங்கி வருஷமாகிவிட்டது. ஆனாலும் கூப்பிடவில்லை. பாவாயி இல்லைங்க என்று யாராவது சொல்லிவிட்டால். சொல்லாத வரைக்கும் அவள் அந்த மேடைக்குப் பக்கத்தில் மாவுக்கையோடு நன்றாகத்தான் இருக்கிறாள். என் நன்றிக்கு ஆள் இருக்கிறது. அந்தப் பயத்தைத்தான் தினம் இந்த அறைக்குள் கொண்டுவந்து தாழ் போட்டு வைத்திருக்கிறேன்.

"போலாமா மேடம்?" போகலாம். மூச்சு. மணிக்கட்டு. ஜலதோஷக்காரரின் டிங் டாங். அனுப்பிட்டு வா. கதவு திறக்கிறது. இந்தத் தடவை நான் அந்த நடிகையைப் பார்க்கவில்லை, வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கிறேன், படத்தில் அவளுக்கு இது ஒரே காட்சி, சம்பளமாக ஒரு பொட்டலம் பிரியாணி கிடைத்திருக்கும், பாவம், என்ன சத்தம் என்று கேட்கத்தான் அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போய்விடாதே, மறுபடி வா, ஏதாவது கேட்டுக்கொண்டு வா என்று அவளிடம் சொல்ல நினைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, பாத்திரம் விழுந்துடுச்சு" என்று சொல்கிறேன். வந்துவிட்டது. ஜெபசீலன் வசனப் பேப்பரை மடித்து வைக்கிறார். பிறகு, "இது போதும் மேடம். ரொம்ப நன்றி" என்கிறார். எனக்கு எதற்கு நன்றி தம்பி. நான் ஹெட்போனைக் கழற்றி மாட்டுகிறேன், தாழ்ப்பாளைத் திறக்கிறேன், பாயிடம் வரேன் பாய் என்கிறேன். பஃப்ஸ் ஒன்று கீழே சொல்லியிருக்கேன்மா, சாப்பிட்டுட்டுப் போங்க என்கிறார்.

படியில் பாதி இறங்கியதும் நின்றுவிட்டேன். பேக்கரிக்காரர் கல்லாவுக்கு மேலிருந்த சாமிப் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். பஃப்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம், வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம். விரல் அதற்குள் நம்பரை அழுத்திவிட்டது. மணி போகிறது. போகிறது. யாரோ எடுத்தார்கள், பின்னால் லேத் ஓடுகிற இரைச்சல். "அல்லோ, யாருங்க?" சின்னச்சாமி அண்ணன். நாள் முழுக்க அடுத்தவளுக்குப் பேசிய வாயில் எனக்கு ஒரு சொல் இல்லை, வெறும் மூச்சுத்தான் போய்க்கொண்டிருந்தது, அன்றைக்கு வண்டியில் ரயிலடி வரைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் விட்ட அதே மூச்சு. அவர் இன்னொரு தடவை யாருங்க என்றார், பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மேலே பார்த்துக் கூப்பிடுவது கேட்டது. "பாவாயி. ஏ பாவாயி. இங்க வா, எதிரூட்டு அம்மணியாட்ட இருக்குது."

இருக்கிறாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. "அம்மணி?" என்றாள், மூச்சிரைக்க. "அக்கா" என்றேன். அவன் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான், இப்போது எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம் என்றாள். உங்களை என்ன செய்தான் என்று கேட்டேன். கேட்டே விட்டேன். "என்ன பண்ணுவான். வந்து யமுனா எங்கேன்னான். விளக்கு வெச்சப்பறம் மோரத் தூக்கிட்டு வந்தா, ஊட்டு லட்சுமி வெளிய போயிருமல்லோ, திருப்பிக் கொண்டு போன்னு அனுப்பிச்சுட்டேனே, இன்னும் வர்லீங்களா தம்பின்னேன்." சிரித்தாள். "அப்பறம் புரிஞ்சுக்கிட்டான். புடிச்சுத் தள்ளிப் போட்டான். பட்டறைப் பசங்க ஏறி வந்துட்டாங்க. மணிக்கட்டு கொஞ்சம் கோணலாத்தான் நிக்குது, அதனாலென்ன, மாவு பெசைய ஆகுது." நான் படியில் உட்கார்ந்தேன். நன்றி என்ற சொல்லை எத்தனை மாதிரிப் பேசியிருப்பேன் மைக் முன்னால், அழுகையோடு, கண்ணியமாக, நாடகத்துக்கு, விளம்பரத்துக்கு. அதில் ஒன்றுகூட அந்தக் கோணல் மணிக்கட்டுக்குப் பொருந்தவில்லை. "அழுவாத சாமி," என்றாள், "ஏதாச்சும் பேசு." கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றேன். "ஒரு கரண்டி ஒறமோர் கிடைக்குமா?"

அந்தப் பக்கம் லேத்தின் இரைச்சல். நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"விளக்கு வெச்சாச்சே அம்மணி," என்றாள். "செரி, கெடக்குது. கிண்ணத்த எடுத்துக்கிட்டு வா."